அம்மாவின் முட்டி வலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை. இப்போது கால் வீங்குகிறது, என்ன செய்வது?

குளித்தலைக்காரன்:

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்மானம் என்று போன வருஷம் எக்ஸ்ரே பார்த்து எலும்பு டாக்டர் சொன்னார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைங்க, கீழே உட்காராதீங்க என்று சொல்லி 10 நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் ஓசூரில் இருக்கிறேன், அம்மா ஊரில் தனியாக. போனில் கேட்டால் "இப்ப பரவாயில்ல சாமி" என்பார், நானும் சரி என்று விட்டுவிடுவேன்.

இந்த முறை ஊருக்குப் போனபோது அவர் மாத்திரை வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அந்த 10 நாள் மாத்திரை (எடோரிகாக்சிப் 90) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் பக்கத்து மெடிக்கலில் அதையே கொடுத்துவிடுகிறார்கள். வலி அதிகமாக இருக்கிற நாளுக்கு என்று அவர்களே இன்னொரு அட்டையும் கொடுத்திருக்கிறார்கள், அதில் அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. இது போக தலைவலி, உடம்பு வலிக்கு டோலோ 650 (பாரசிட்டமால்). பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின். பான்டோப்ரசோல் ஒரு அட்டை இருக்கிறது, ஆனால் வயிறு எரிந்தால்தான் அதைப் போடுவாராம்.

பயம் வந்ததற்குக் காரணம் கால் வீக்கம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்புகிறது. பிரஷர் பார்த்தேன், 164/92. முன்பெல்லாம் 130ஐத் தாண்டாது. வலி மாத்திரையை நிறுத்தினால் காலையில் எழுந்து நடக்கவே முடியாது என்கிறார். நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை, இப்படியே விடவும் முடியவில்லை. இந்த மாத்திரைகளை ஒழுங்காகப் போட ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை மொத்தமாகவே கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அண்ணாச்சி:

தம்பி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆள் என்பதால் சொல்கிறேன், நீங்கள் சொன்னது தினமும் நடக்கிற கதை. காலி அட்டையைக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் படம். "அந்த மஞ்ச மாத்திர குடுங்க" என்பார்கள். கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்று கொடுப்பவர்கள்தான் அதிகம். சட்டப்படி இதெல்லாம் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து.

முதல் விஷயம், எடோரிகாக்சிப், அசிக்ளோஃபெனாக் இரண்டும் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, கெடுதல் மட்டும்தான் கூடும். எந்த டாக்டரும் இரண்டையும் சேர்த்து எழுத மாட்டார். அட்டையின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படியுங்கள். ஃபெனாக் என்று முடிகிறது (டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக்), ப்ரோஃபென் என்று முடிகிறது (ஐபுப்ரோஃபென், கீட்டோப்ரோஃபென்), காக்சிப் என்று முடிகிறது, ஆக்சிகாம் என்று முடிகிறது என்றால் எல்லாம் இந்த வகைதான். நாப்ராக்சென், இண்டோமெதசின், நிமெசுலைட், பெண்கள் மாதவிடாய் வலிக்குப் போடுகிற மெஃபனமிக் அமிலம், இவையும் அதே கூட்டம். ஒரு நேரத்தில் இதில் ஒன்றுதான் உடம்பில் இருக்க வேண்டும்.

பாரசிட்டமால் இந்தக் கூட்டத்தில் சேராது. ஆனால் அது பல வலி மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும், அதுதான் சிக்கல். அந்த அசிக்ளோஃபெனாக் அட்டையில் பொதுவாக மாத்திரைக்கு 325 மி.கி. பாரசிட்டமால் இருக்கும். ஒரு நாளில் அது இரண்டும் டோலோ 650 மூன்றும் போனால் 2600 மி.கி. ஆகிவிடுகிறது. நல்ல உடம்புக்காரருக்கு உச்ச அளவு நாளைக்கு 4000 மி.கி., வயதானவர், எடை குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் 3000க்குள் நிறுத்தச் சொல்வார்கள். இன்னும் ஒரு டோலோ சேர்ந்தாலே அம்மா அந்த 3000ஐத் தாண்டிவிடுவார். கூட்டிப் பார்க்காமல் யாருக்கும் இது தெரியாது.

பான்டோப்ரசோலை எரிச்சல் வந்தபிறகு போடுவது வீண். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை அது. நிறையப் பேர் சாப்பிட்டு முடித்து எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.

கால் வீக்கம், பிரஷர் இரண்டும் ஏறியிருக்கிறது என்றால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அந்த டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தென்காசி மருமகள்:

எங்கள் மாமனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களைப் பயமுறுத்த இல்லை. அவருக்கும் முட்டி வலிதான். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 தினமும் போடுவார், வலிக்கு டைக்ளோஃபெனாக் அவராகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் "சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்" என்பார். கொஞ்ச நாளாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்குது, முகம் வெளுத்துப்போச்சு, எல்லோரும் வயசாச்சு என்று நினைத்தோம். மலம் கறுப்பாகப் போகிறது என்று மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அவர் சத்து டானிக் குடிப்பதால் அப்படித்தான் போகும் என்று சொல்லிவிட்டார். இரும்புச்சத்து மருந்துக்கும் கறுப்பாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் இது தார் மாதிரி, கழுவினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, நாற்றமும் வேறு.

ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6 என்றார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ரத்தம் ஏற்றி, புண்ணை ஆற்றி, பிழைத்துக்கொண்டார். நான் மறக்காமல் சொல்ல நினைக்கிற விஷயம் ஒன்றுதான்: அவருக்கு வயிற்று வலியே இல்லை. ஒரு நாள் கூட. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், இந்த மாத்திரையே வலியை மறைக்கிற மாத்திரைதானே. உங்கள் அம்மாவிடம் மலம் எந்த நிறத்தில் போகிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், அக்கா தங்கை இருந்தால் கேட்கச் சொல்லுங்கள்.

மூலிகை நேசன்:

இங்கிலீஷ் மருந்து என்றாலே இப்படித்தான். ஒரு வியாதிக்குப் போய் மூன்று வியாதி வாங்கி வருவோம். எங்கள் பக்கத்தில் மூட்டு வலிக்கு ஒருவர் பொடி கொடுக்கிறார், என் பெரியம்மா மூன்றே நாளில் எழுந்து நடந்தார். பக்கவிளைவே கிடையாது. வேண்டுமென்றால் தனிச்செய்தியில் நம்பர் தருகிறேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி:

மூன்றே நாளில் எழுந்து நடக்க வைத்தது என்றால் அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டியது அங்கேதான். முறையாகப் படித்த சித்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கொடுக்கிற மருந்துக்குப் பெயர் இருக்கும், தயாரித்த இடமும் தேதியும் போட்டிருக்கும். லேபிள் இல்லாத பொட்டலப் பொடியில் ஸ்டீராய்டை அரைத்துக் கலப்பது ஊரறிந்த விஷயம். முதல் வாரம் அதிசயமாக இருக்கும். அப்புறம் முகம் உருண்டையாகும், சுகர் எகிறும், எலும்பு இன்னும் பலவீனமாகும். இன்னொன்று, உங்கள் பெரியம்மா அதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, ஸ்டீராய்டு என்றால் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். பொடியை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். நம்பர் வேண்டாம்.

ஈரோட்டுத் தாத்தா:

நான் 12 வருஷமாக டைக்ளோஃபெனாக் போடுகிறேன், கல்லு மாதிரி இருக்கிறேன். எல்லோரும் சும்மா பயமுறுத்துகிறீர்கள். மாத்திரை வயிற்றைக் கெடுக்கும் என்றால் ஊசி போட்டுக்கொள்ளலாமே, நான் முடியாதபோது அதைத்தான் செய்கிறேன்.

கிராமத்து டாக்டர்:

தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம். எல்லோருக்கும் புண் வருவதில்லை, எல்லோருக்கும் கிட்னி கெடுவதில்லை. யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதால்தான் இவ்வளவு பேச்சு. 65 வயதுக்கு மேல், முன்பு அல்சர் வந்தவர்கள், ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பிரஷர், சுகர், இதய நோய், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள். இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

ஊசி விஷயம் தவறான நம்பிக்கை. இந்த மருந்து மாத்திரையாக இரைப்பைச் சுவரில் பட்டு உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு சரக்கு சுரக்கிறது. வீங்கிய மூட்டில் வலியைக் கிளப்புவதும் அதுதான், இரைப்பைக்குள் அமிலம் அரிக்காமல் பூச்சு போட்டுக் காப்பதும் அதுதான், கிட்னிக்கு ரத்த ஓட்டத்தைக் குறையாமல் வைப்பதும் அதுதான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தச் சுரப்பையே தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971ல் கண்டுபிடித்தார், 1982ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக மருந்து வாய் வழியாகப் போனாலும் இடுப்பு வழியாகப் போனாலும் ரத்தத்தில் கலந்தபிறகு மூட்டில் செய்கிற அதே வேலையை இரைப்பையிலும் செய்யும். சாப்பிட்டபிறகு போடுவதும் நெஞ்செரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான், ரத்தக் கசிவைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. தாத்தா, நீங்கள் கடைசியாக ரத்தத்தில் உப்பு பார்த்தது எப்போது? கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அந்தப் பரிசோதனையைக் கிரியேட்டினின் என்று எழுதிக் கேளுங்கள். நன்றாக இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்போது குளித்தலைத் தம்பிக்கு. உங்கள் அம்மாவின் டப்பாவில் எனக்குக் கண்ணில் பட்டது வலி மாத்திரை மட்டும் இல்லை, அது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது. டெல்மிசார்டன், நீர் பிரிக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, அதோடு வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்வது கிட்னிக்கு மூன்று பக்க அடி. நீங்கள் காவிரிக்கரைக்காரர், வயலை வைத்தே சொல்கிறேன். கிட்னியின் வடிகட்டி ஒரு வயல் என்றால் வலி மாத்திரை தண்ணீர் வருகிற மடையைச் சுருக்குகிறது, டெல்மிசார்டன் தண்ணீர் வெளியேறுகிற மடையை அகலமாக்குகிறது, நீர் மாத்திரை வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. வயலில் நிற்க வேண்டிய மட்டம் நிற்காது. டெல்மிசார்டன் நல்ல மருந்து, அதைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். வெளியேற வேண்டியது வலி மாத்திரைதான். இந்த நிலையில் ஒரு வாந்தி பேதியோ, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் வேலையோ போதும், கிட்னி சட்டென்று படுத்துவிடும். பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் நாட்களில் யாராக இருந்தாலும் வலி மாத்திரையைத் தொடக் கூடாது. டெங்கு காலத்தில் காய்ச்சல் என்றாலே பாரசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தப்போக்கைக் கூட்டும்.

பிரஷர் ஏன் ஏறியது என்ற கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்க வாய்ப்பு. இந்த மருந்துகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். இது தெரியாமல் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். எடோரிகாக்சிப் இதில் இன்னும் மோசம். பிரஷர் 140/90க்கு மேல் கட்டுக்கு அடங்காமல் இருப்பவருக்கு அது கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடைக்கவில்லை. தேய்மானத்துக்கு அதன் அளவு 30, தேவைப்பட்டால் 60 மி.கி. 90 என்பது சரவாங்கி (முடக்குவாதம்) போன்ற வேறு மூட்டு நோய்களுக்கு, அல்லது எலும்பு டாக்டர் சில நாளைக்கு என்று யோசித்து எழுதுவது. அவர் 10 நாள்தான் எழுதினார், அதை மறக்காதீர்கள்.

காக்சிப் வகை வயிற்றுக்குக் கொஞ்சம் நல்லது என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் இதயத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இதே வகையில் ரோஃபெகாக்சிப் என்று ஒன்று உலகம் முழுக்க விற்றது, மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாவது தெரிந்து 2004 செப்டம்பரில் கம்பெனியே திரும்பப் பெற்றது. டைக்ளோஃபெனாக்கின் இதய ஆபத்தும் காக்சிப்களுக்கு நெருக்கமானதுதான். நாப்ராக்சென் அந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை, ஆனால் வயிற்றைப் படுத்தும். எல்லாவற்றுக்கும் நல்லதான ஒன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால்தான் யாருக்கு எது என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிறோம், குறைந்த அளவில், முடிந்தவரை குறைந்த நாளுக்கு எழுதுகிறோம். அந்த "குறைந்த நாள்" என்பதுதான் மெடிக்கல் கவுண்டரில் காணாமல் போகிறது.

அம்மாவுக்கு உடனே பார்க்க வேண்டியது: கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ஈசிஜி. மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கறுப்பு மலம், காபித்தூள் போல வாந்தி என்றாலோ நாளை வரை கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

மாடித்தோட்டம் சாந்தி:

இடையில் ஒரு சின்னத் தகவல். இந்த டைக்ளோஃபெனாக் கிட்னியை என்ன செய்யும் என்பதை நம் நாடு முதலில் பெரிய அளவில் கண்டது பிணந்தின்னிக் கழுகுகளிடம்தான். மாட்டுக்கு வலி ஊசி போட்டார்கள், மாடு செத்தபிறகு அதைத் தின்ற கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அசிக்ளோஃபெனாக்கும் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் என்பதால் 2023ல் அதையும் தடை செய்தார்கள். மனுஷன் கழுகு இல்லை, நம் உடம்பு அந்த அளவுக்குத் தாங்காமல் போகாது, தெரியும். ஆனாலும் அட்டையைக் கையில் எடுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

பிசியோ நாமக்கல்:

டாக்டர் மருந்தைச் சொல்லிவிட்டார், நான் காலைச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் நடக்க முடியாது என்று அம்மா சொல்வது பொய் இல்லை. அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்காமல் வெறுமனே நிறுத்தச் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் போடத்தான் செய்வார்.

முதலில் தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஐந்து வரை எண்ணிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். டக்கென்று இறக்கக் கூடாது, இறக்குகிற நேரத்திலும் தசைக்கு வேலை இருக்கிறது. கட்டிலில் படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அமுக்குகிற பயிற்சியும் நல்லது, வலி அதிகமாக இருக்கிற நாளிலும் அதைச் செய்ய முடியும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, சிலருக்குக் கொஞ்சம் வலி கூடக் கூடும். ஆறு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். அதுவரை நம்புகிற மாதிரி கூட ஒருவர் இருந்து சொல்ல வேண்டும், தனியாக இருக்கிற அம்மாக்கள் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். பலர் அதைப் பிரஷர், சுகர் மாத்திரைக்கான திட்டம் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் வீடு. இந்தியன் டாய்லெட் என்றால் மேலே வைக்கிற ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள், இன்றைக்கே. காய் நறுக்க அரிவாள்மனையோடு தரையில் உட்காருவதை நிறுத்தி மேசைக்கு மாற்றுங்கள். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

குளித்தலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே கூட்டிப்போனேன். கிரியேட்டினின் 1.6, வடிகட்டும் திறன் 35 என்று ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 10.2, மலத்தில் ரத்தம் இல்லை. டாக்டர் வலி மாத்திரை இரண்டையும் அன்றோடு நிறுத்தினார். நீர் மாத்திரை கலக்காத பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார், கிட்னி இப்படி இருக்கும்போது மெட்ஃபார்மின் முழு அளவு கூடாது என்று அதையும் பாதியாக்கினார். வலி அதிகமான நாளுக்கு மட்டும் பாரசிட்டமால் 650, நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்ததில் கிரியேட்டினின் 1.1க்கு இறங்கியிருக்கிறது, வீக்கம் வற்றிவிட்டது, பிரஷர் 138. இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த மெடிக்கலில் போய்ச் சத்தம் போடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை, "நான் கேட்டேன் அவன் குடுத்தான்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம். இப்போது வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இவ்வளவு ஆனபிறகு அதே மருந்தா என்று அம்மா பயப்படுகிறார். தடவினாலும் கிட்னிக்குப் போகாதா?

கிராமத்து டாக்டர்:

நல்ல செய்தி தம்பி. சீக்கிரம் பிடித்ததால் இறங்கியது, இதே நிலை இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் இறங்கியிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஜெல் பற்றி. தடவுவதில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் நூற்றுக்கு ஆறு பங்கு போலத்தான். மருந்து மூட்டுப் பகுதியிலேயே தங்குகிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, அங்கே பயன் குறைவு, ஆனால் முழங்காலும் கை விரலும் தோலுக்கு அருகில் இருப்பதால் மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக வேலை செய்யும். பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து என்று ஆரம்பிப்பதே இந்த ஜெல்லில்தான். நம் ஊரில் அதைக் கடைசியாக, மாத்திரைக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறோம். அம்மாவுக்குக் கிட்னி இப்போதுதான் தேறி வருகிறது என்பதால் எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்ன நாள் கணக்கை மீறாமல், அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தவற விடாமல் தடவட்டும்.

தடவுகிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டாணி அளவு எடுத்து ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். 1 சதவீத ஜெல்லில் முழு அளவு ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் நாலரை அங்குல நீளம் வரும். 30 கிராம் டியூப் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்த முழு அளவு வேண்டுமா, ஒரு நாளில் எத்தனை வேளை என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லைச் சுற்றி, பக்கங்களில், முட்டிக்குப் பின்னால் எல்லாம் பரப்பித் தடவ வேண்டும். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, இறுக்கித் துணி கட்டக் கூடாது, இரண்டும் மருந்தை உள்ளே அதிகமாக இழுத்துவிடும். புண், சிரங்கு இருக்கிற தோலில் வேண்டாம். தடவிய கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். உடனே பலன் எதிர்பார்க்காமல் ஒரு வாரமாவது விடாமல் தடவிப் பார்க்கட்டும். வலி மாத்திரையை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கடன் வாங்கி ஜெல்லோடு கூடவே போடுவது மட்டும் நடக்கக் கூடாது.

கோவை வாசகி:

இதைப் படித்ததால் கேட்கிறேன். எனக்கு 31 வயது. ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடக்க வராது, இட்லி மாவுக் கரண்டியைக் கூடப் பிடிக்க முடியாது, பத்து மணிக்கு மேல்தான் சரியாகும். மணிக்கட்டும் வீங்குகிறது. ஐபுப்ரோஃபென் 400 போட்டால் நன்றாக இருக்கிறது. எனக்கு பிரஷர், சுகர் எதுவும் இல்லை, அப்படியென்றால் நான் தொடர்ந்து போடலாமா?

கிராமத்து டாக்டர்:

உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் அம்மா. தேய்மானத்தில் காலை நேரத்து விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். மணிக்கணக்கில் நிற்பது, இரண்டு கையிலும் சின்ன மூட்டுகளில் ஒரே மாதிரி வருவது, மணிக்கட்டு வீங்குவது எல்லாம் சரவாங்கியைச் சந்தேகப்பட வைக்கிற அடையாளங்கள். அது உண்மையாக இருந்தால் ஐபுப்ரோஃபென் வலியை மட்டும் அமுக்கும், உள்ளே மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. வலி இல்லையே என்று ஒரு வருஷம் ஓட்டினால் விரல் கோணிவிடும். மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள், கோவையில் இருக்கிறார்கள். ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி, ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார்கள். ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

சரவாங்கி என்று உறுதியானால் பெரும்பாலும் மூட்டு அரிபடுவதைத் தடுக்கிற மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை ஆரம்பிப்பார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. தினமும் போட்டுவிட்டு ரத்த அணுக்கள் எல்லாம் இறங்கி ஐசியுவுக்கு வந்தவர்கள் உண்டு. அட்டை மேலேயே பேனாவால் கிழமையை எழுதி வையுங்கள். ஐபுப்ரோஃபெனை அதோடு சேர்த்துப் போடலாமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொல்கிற இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் அறவே கூடாது, வலி மாத்திரைகளும் 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டியவை. குழந்தைக்குத் திட்டம் இருக்கிறது என்றால் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.